காய்ச்சல் எனக்கு, பயம் குழந்தைக்காக

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு கையெழுத்தில்: "எனக்கு வந்த வைரஸ் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போயிருக்குமா?" அதனால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களை நானே நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன வாரம் மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி. டாக்டர் "வைரல் ஃபீவர்தான், போய்விடும்" என்றார், போயும்விட்டது. ஆனால் "உன் ரத்தம்தானே குழந்தைக்கும் ஓடுது, அதில் இருந்த வைரஸ் மட்டும் எப்படி அங்கே போகாமல் இருக்கும்?" என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் கேட்டது நல்ல கேள்வி. அதில் ஒரே ஒரு தப்புதான், உங்கள் ரத்தம் குழந்தைக்கு ஓடவில்லை. ஒரு சொட்டு கூட ஓடுவதில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு ரத்த ஓட்டமும் தனித்தனிதான். நடுவில் இருப்பது நஞ்சுக்கொடி. (ஒன்பது மாதம் ஊட்டி வளர்த்த உறுப்புக்குப் போய் நஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறோம். பாடநூல்களில் சூல்வித்தகம் என்று அழகான ஒரு சொல் இருக்கிறது, பிரசவ அறையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, "நஞ்சு விழுந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறோம்.) பலர் இதையும் தொப்புள்கொடியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தொப்புள்கொடி குழாய். நஞ்சுக்கொடி, கர்ப்பப்பைச் சுவரில் தட்டு மாதிரி ஒட்டியிருக்கும் சதை. மாதம் முடியும்போது ஒரு சாண் அகலம், ஏறக்குறைய அரை கிலோ எடை.

உள்ளே எப்படி இருக்கிறது என்றால், வெள்ளத்தில் மூழ்கிய ஆலமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான விழுதுகள் தண்ணீருக்குள் தொங்குகின்றன. தண்ணீர்தான் உங்கள் ரத்தம், கடைசி மாதங்களில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் அங்கே வந்து போகிறது. விழுதுகளுக்கு உள்ளே ஓடுவது குழந்தையின் ரத்தம். ஆக்சிஜனும் சத்தும் விழுதின் தோலைக் கடந்து உள்ளே போகும், கழிவு வெளியே வரும், ரத்தம் அதனதன் இடத்தில் இருக்கும்.

அந்தத் தோல் இருக்கிறதே, அதுதான் விஷயம். நம் உடம்பில் மற்ற எல்லாத் தோலும் சவ்வும் செங்கல் அடுக்கின மாதிரி செல்களால் ஆனவை, இரண்டு செல்லுக்கு நடுவே இடுக்கு இருக்கும், கிருமிகள் பல அந்த இடுக்கு வழியாகத்தான் நுழையும். விழுதின் மேல்தோலில் அந்த இடுக்கே கிடையாது. செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, எண்ணற்ற உட்கருக்களோடு ஒரே விரிப்பாக மூடியிருக்கிறது. விழுதுகளை எல்லாம் பிரித்து விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும், ஒரு சின்ன அறையின் தரை அளவு. அவ்வளவும் தையலே இல்லாத ஒற்றைத் துணி. போதாததற்கு, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை அது எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. மற்ற செல்கள் எதிரி வந்த பிறகுதான் சுரக்கும், இது வருவதற்கு முன்பே.

சாதாரண சளிக்காய்ச்சல், ஃப்ளூ போன்றவை இதைத் தாண்டிப் போவது மிக அபூர்வம். எனவே மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் காய்ச்சலை மட்டும் சும்மா விடாதீர்கள். வைரஸ் கடக்காவிட்டாலும் சூடு கடக்கும். குறிப்பாக முதல் மூன்று மாதத்தில் 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102-ஐ ஒட்டி ஏறினால் பாரசிட்டமால் போட்டு இறக்கிவிட வேண்டும். "மாத்திரையே கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது வீரம் இல்லை. ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் மட்டும் வேண்டாம், 20 வாரத்துக்குப் பிறகு அறவே வேண்டாம், அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடும்.

கேள்வி: நஞ்சுக்கொடி கிருமிகளை வடிகட்டிவிடும் என்று படித்தேன். அப்படியானால் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கண்ணும் காதும் போகிறதே, எப்படி?

வடிகட்டி என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. வடிகட்டி அளவைப் பார்த்து நிறுத்தும். வைரஸ் ஒவ்வொன்றும் கையில் ஒரு சாவியோடு அலைகிறது, பூட்டு பொருந்தும் செல்லுக்குள்தான் அதனால் நுழைய முடியும். சிலவற்றின் சாவி நஞ்சுக்கொடிக்குப் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான்.

அதோடு நான் மேலே சொன்ன தையலில்லாத துணி எல்லா இடத்தையும் மூடவில்லை. விழுதுகளில் சில கர்ப்பப்பைச் சுவருக்குள் ஆழமாக ஊன்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழு உறுப்பும் நிற்காது. அந்த ஊன்றுகால்களின் நுனியில் தனித்தனிச் செல்கள் தாயின் சதையோடு நேராக உரசிக்கொண்டிருக்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் (அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்) இந்த வழியைப் பிடிக்கிறது. கொசுக்கடியால் பரவும் ஜிகா வைரஸ் உள்ளே போய்விட்டால் விழுதுக்குள் காவலுக்கு நிற்கும் ஹாஃப்பாவர் செல்களிலேயே குடியேறிப் பெருகுகிறது, போலீஸ் ஸ்டேஷனில் திருடன் வாடகைக்கு இருக்கிற மாதிரி.

ருபெல்லா செய்வது இன்னும் கொடுமை. விழுதுக்குள் ஓடும் குழந்தையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்பூச்சைத் தாக்குகிறது. பூச்சு உதிர்ந்து, தொற்றிய செல்கள் சின்னச் சின்னத் துணுக்குகளாக ரத்தத்தோடு மிதந்து குழந்தைக்குள்ளேயே போய்ச் சேருகின்றன. முதல் 12 வாரத்தில் கண் வில்லை, உள்காது, இதயம் எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் நேரம். அந்தச் சமயத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் வரை பாதிக்கப்படலாம். 20 வாரத்துக்குப் பிறகு வந்தால் ஊனம் ஏற்படுவது அபூர்வம். அதே வைரஸ், அதே தாய், வாரம்தான் வேறு.

இதை முதலில் கண்டுபிடித்தவர் மகப்பேறு மருத்துவர் இல்லை, கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்து, அம்மாக்களிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். 1941-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 78 குழந்தைகள், அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது. அதுவரை நஞ்சுக்கொடியைத் தாண்டி எதுவும் போகாது என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள், அதனால் கிரெக் சொன்னதை உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 1964-65-ல் அமெரிக்காவில் பெரிய ருபெல்லா பரவல் வந்து சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தபோது யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. 1969-ல் தடுப்பூசி வந்தது.

கேள்வி: மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் இரண்டு வயதுப் பையன். இப்போது 7 வாரக் கர்ப்பம். கூட வேலை செய்பவர் "சி.எம்.வி. வரும், வேலையை விட்டுவிடு" என்கிறார். அப்படி ஒன்று இருப்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நீங்கள் மட்டுமா, பெரும்பாலான கர்ப்பிணிகள் கேள்விப்பட்டதில்லை. வருத்தமான விஷயம், ஏனென்றால் பிறக்கும்போதே குழந்தையிடம் இருக்கும் வைரஸ் தொற்றுகளில் இதுதான் முதலிடம். சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்று இதோடு பிறக்கிறது. பயந்துவிடாதீர்கள், அப்படிப் பிறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எந்தக் குறையும் வருவதில்லை. மீதி ஒருவருக்குத்தான் பிரச்சினை, பெரும்பாலும் காது கேட்பதில். பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையில் நன்றாகக் கேட்ட குழந்தைக்குக்கூட இரண்டு மூன்று வயதில் கேட்கும் திறன் குறையலாம்.

பெரியவர்களுக்கு வந்தால் லேசான காய்ச்சல், அசதி, பலருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் தெரிவதே இல்லை.

இது நஞ்சுக்கொடிக்குள் செய்யும் வேலையை நுண்ணோக்கியில் பார்த்தால் மறக்காது. தொற்றிய செல் பக்கத்துச் செல்களைவிடப் பல மடங்கு பெருத்து, நடுவில் கரிய உருண்டை, அதைச் சுற்றி வெள்ளை வளையம், ஆந்தை முழித்துப் பார்க்கிற மாதிரியே இருக்கும், மருத்துவப் பாடத்திலும் ஆந்தைக்கண் என்றுதான் பெயர். விழுதுகள் வீங்கித் தழும்பேறி, ஸ்கேனில் நஞ்சுக்கொடி வழக்கத்தைவிடத் தடிமனாகத் தெரியலாம். சில குழந்தைகள் எடை போடாமல் நிற்பதற்கு, வைரஸ் குழந்தையைத் தாக்கியது மட்டுமல்ல, சத்து அனுப்பும் நஞ்சுக்கொடியே நொந்துபோனதும் ஒரு காரணம்.

வாரக் கணக்கு இங்கே கொஞ்சம் விசித்திரம். முதல் மூன்று மாதத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் குழந்தைக்குப் போகிறது, ஆனால் போனால் பாதிப்பு பெரிது. கடைசி மாதங்களில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நஞ்சுக்கொடி வயதாக வயதாக வைரஸுக்கு வழிவிடுகிறது, குழந்தையும் அதற்குள் வளர்ந்து தாங்கிக்கொள்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வேலையை விட வேண்டாம். உண்மையைச் சொன்னால் பள்ளியைவிட உங்கள் மகன்தான் நெருங்கிய வழி, சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அவன் கடித்துவிட்டு வைத்ததை நீங்கள் முடிப்பது, அவன் ஸ்பூனை நக்கிப் பார்ப்பது, கீழே விழுந்த ரப்பர் காம்பை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் பண்ணிக் கொடுப்பது (பண்ணாத அம்மா யார்?), இவற்றைப் பிரசவம் வரை நிறுத்துங்கள். உதட்டில் முத்தம் வேண்டாம், நெற்றியிலும் தலையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். டயப்பர் மாற்றினாலும் மூக்கைத் துடைத்துவிட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தடுப்பூசி இதற்கு இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது. புதிய தொற்று என்று தொடக்கத்திலேயே உறுதியானால் வலசைக்ளோவிர் என்ற மாத்திரை இருக்கிறது. இஸ்ரேலில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், தினம் 8 கிராம் வீதம் எடுத்துக்கொண்டவர்களில் 11 சதவீதம் பேரின் குழந்தைக்குத்தான் வைரஸ் போனது, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 சதவீதம். அளவு பெரிது, சிறுநீரகத்தைக் கண்காணித்துத்தான் கொடுப்பார்கள், நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை.

கேள்வி: இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கக்கூடிய சில கிருமிகளுக்கு ஒன்றாகச் செய்யும் ரத்தப் பரிசோதனை) எடுத்ததில் ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், சி.எம்.வி. ஐஜிஜி பாசிட்டிவ், ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் எல்லாம் நெகட்டிவ். லேபில் இருந்த பெண் "மூணும் பாசிட்டிவ், உடனே டாக்டரைப் பாருங்க" என்றதில் இருந்து தூக்கம் இல்லை. இந்த வைரஸ்கள்தான் கருவைக் கலைத்தனவா?

இல்லை. முதலில் தூங்குங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸை உங்கள் உடம்பு எப்போதோ சந்தித்து, எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருக்கிறது என்று பொருள். ருபெல்லாவில் அது பாசிட்டிவாக இருந்தால் கொண்டாட வேண்டும், தடுப்பூசியோ பழைய தொற்றோ உங்களைக் காத்து நிற்கிறது. நெகட்டிவாக இருந்தால்தான் நான் கவலைப்பட்டு, அடுத்த கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போடச் சொல்லியிருப்பேன். சி.எம்.வி., ஹெர்பிஸ் இரண்டும் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பாசிட்டிவாகத்தான் இருக்கும். எனக்கும்தான்.

ஐஜிஎம் என்பது புதிய தொற்றைக் காட்டுவது. அதிலும் ஒரு சிக்கல், அது பாசிட்டிவாக வந்தால்கூட உடனே நம்பக் கூடாது, சிலருக்கு மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், சிலருக்கு வேறு எதற்கோ போலியாகக் காட்டும். அப்போது அவிடிட்டி என்று இன்னொரு பரிசோதனை. எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. புதிதாக வேலைக்கு வந்தவன் பிடி தளர்வாக இருக்கும், பழகப் பழக இறுகும். பிடி தளர்வு என்றால் கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் வந்த தொற்று, இறுக்கம் என்றால் பழையது. 12 வாரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் பிடி இறுக்கமாக இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே வந்தது என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

கருச்சிதைவுக்குக் காரணம் தேடும்போது இந்த டார்ச் பட்டியல் பயன்படாது என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியே வழிகாட்டுதலில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை, மருத்துவர்களாகிய எங்கள் தப்பும் இதில் இருக்கிறது, ஏதாவது ஒரு டெஸ்ட் எழுதாவிட்டால் வந்தவருக்கும் திருப்தியில்லை, எழுதுகிறவருக்கும் இல்லை. இரண்டு முறை கலைந்திருப்பதால் தைராய்டு, கர்ப்பப்பையின் அமைப்பு, ரத்தம் உறையும் கோளாறுக்கான ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை, இவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டார்ச் ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

கேள்வி: மூத்த மகளுக்குச் சின்னம்மை கொப்புளம் போட்டிருக்கிறது. நான் 10 வாரக் கர்ப்பிணி. அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். இப்போது அனுப்பி உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, பாவம் பாட்டிக்குத்தான் வேலை.

கேட்க வேண்டிய கேள்வி, உங்களுக்குச் சின்னவயதில் அம்மை வந்திருக்கிறதா? நிச்சயமாக வந்திருந்தால் நிம்மதியாக இருங்கள். தெரியாது என்றால் இன்றே ரத்தத்தில் ஐஜிஜி பாருங்கள், வந்ததே நினைவில்லாத பலருக்கும் எதிர்ப்பு இருக்கும். அது இல்லை என்று வந்தால் சின்னம்மைக்கான இம்யூனோகுளோபுலின் ஊசி இருக்கிறது, தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடப் போட நல்லது. அதையும் மீறிக் கொப்புளம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் மற்ற கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நேராகப் போய் நிற்காதீர்கள், போனில் சொல்லிவிட்டுப் போங்கள். மூச்சு வாங்கினால், இருமல் வந்தால் அவசரம், கர்ப்பிணிகளுக்கு அம்மை நுரையீரலில் இறங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து.

குழந்தைக்கு? முதல் 20 வாரத்தில் தாய்க்கு அம்மை வந்தாலும் நூற்றில் ஒன்றோ இரண்டோ குழந்தைக்குத்தான் தோல் தழும்பு, கைகால் குறை, கண் பாதிப்பு போன்றவை வருகின்றன, 10 வாரத்தில் அதைவிடவும் குறைவு. உண்மையில் நான் அதிகம் பயப்படுவது பிரசவத்தை ஒட்டி வரும் அம்மைக்கு. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் போட்டால், வைரஸ் மட்டும் நஞ்சுக்கொடி வழியாகப் போயிருக்கும், தாயின் எதிர்ப்பொருள் போவதற்கு நேரம் இருந்திருக்காது. வெறுங்கையோடு பிறக்கும் அந்தக் குழந்தைக்கு நோய் கடுமையாகும்.

(அக்கி வந்த கர்ப்பிணிகள் இரண்டு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். அக்கியும் அதே வைரஸ்தான், ஆனால் உங்களிடம் எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, குழந்தைக்குப் பாதிப்பில்லை.)

கேள்வி: வகுப்பில் பல குழந்தைகளுக்குக் கன்னம் அறைந்தது போலச் சிவந்திருக்கிறது. பார்வோ வைரஸ் என்கிறார்கள். 15 வாரம்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாருங்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்காவது ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கும், அந்தப் பாதியில் நீங்களும் இருக்கலாம்.

புதிய தொற்று என்றால், இந்த வைரஸ் ஊனம் உண்டாக்குவதில்லை, குழந்தையின் ரத்தத்தில் கை வைக்கும். சிவப்பணு உற்பத்தியாகும் செல்களை அழிப்பதால் சோகை கடுமையாகி, இதயம் திணறி, குழந்தையும் நஞ்சுக்கொடியும் நீர் கோத்து வீங்கும். இதைக் கண்டுபிடிக்க ஊசி தேவையில்லை, குழந்தையின் மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயின் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் போதும். சோகை இருந்தால் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 8 முதல் 12 வாரம் வரை பார்ப்பார்கள். சோகை முற்றினால் வயிற்றுக்குள்ளேயே தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும், ஏற்றித் தேறிய குழந்தைகள் நிறைய.

கேள்வி: 31-வது வாரத்தில் எனக்குக் கோவிட். மூச்சுத் திணறல்கூட இல்லை, நான்கு நாளில் எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் குழந்தை அசையவில்லை என்று போனபோது இதயத் துடிப்பு நின்றிருந்தது. நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டில் "ஃபைப்ரின் படிவு, இன்டர்வில்லோசைட்டிஸ், ட்ரோஃபோபிளாஸ்ட் அழிவு" என்று எழுதியிருக்கிறார்கள். யாரும் விளக்கவில்லை. குழந்தைக்கு வைரஸ் தொற்றே இல்லையாம். பிறகு எப்படி? தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பிறகு போடலாம் என்று தள்ளிப்போட்டேன். நான்தான் காரணமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரிப்போர்ட்டை விளக்குவது என்னால் முடிந்தது, அதைச் செய்கிறேன்.

நலமாக இருக்கும் நஞ்சுக்கொடியை மேசையில் வைத்து வெட்டினால் கருஞ்சிவப்பாக, ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும், விரல் வைத்தால் அமுங்கும், ரத்தம் கசியும். உங்கள் ரிப்போர்ட்டில் சொல்லும் வகையை வெட்டினால் கத்திக்குக் கெட்டியாக இடறும், வெளிறிப்போய், சிவப்புக்கு நடுவே சாம்பல் வெள்ளையில் வலை பின்னின மாதிரி இருக்கும். அந்த வெள்ளைதான் ஃபைப்ரின், ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்பொருள். விழுதுகளைச் சுற்றி அது சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது. இன்டர்வில்லோசைட்டிஸ் என்றால் விழுதுகளுக்கு நடுவே, உங்கள் ரத்தம் ஓட வேண்டிய இடத்தில், வெள்ளணுக்கள் வந்து அடைத்துக்கொண்டன என்று பொருள். ட்ரோஃபோபிளாஸ்ட் அழிவு என்பது விழுதின் மேல்தோல், மேலே ஒற்றைத் துணி என்று சொன்னேனே அது, செத்துப்போனது. மூன்றும் சேர்ந்தால் உங்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் விழுதுக்குள் போக வழியில்லை.

அதனால்தான் குழந்தைக்குத் தொற்று இல்லை. வேலி கடைசி வரை வைரஸை உள்ளே விடவில்லை, ஆனால் வேலியே அந்தச் சண்டையில் போய்விட்டது. 12 நாடுகளில் இருந்து இதே மாதிரியான 68 குழந்தைகளின் நஞ்சுக்கொடிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது, சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் நஞ்சுக்கொடி செயலிழந்திருந்தது. தாய்க்கு நோய் கடுமையாக இருந்ததா லேசாக இருந்ததா என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, நீங்கள் நான்கு நாளில் எழுந்ததில் எதையும் கவனிக்காமல் விட்டதாக அர்த்தம் இல்லை.

தடுப்பூசி பற்றி நேராகவே கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். அந்த 68 பேரில் தடுப்பூசி போட்டவர் ஒருவரும் இல்லை. போட்டிருந்தால் இந்த ஆபத்து குறைந்திருக்கும். ஆனால் போடாத கர்ப்பிணிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கோவிட் வந்தும் அவர்களில் பெரும்பாலோர் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2021-ல் வெளியிட்ட கணக்கில், கோவிட் இல்லாத பிரசவங்களில் ஆயிரத்துக்கு 6 குழந்தைகள் இறந்து பிறந்தன, கோவிட் இருந்தவர்களில் 12 அல்லது 13, டெல்டா காலத்தில் 27. டெல்டாவிலும் ஆயிரத்தில் 970-க்கு மேல் பிழைத்தார்கள். யாருக்கு நஞ்சுக்கொடி இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடிந்திருக்காது. அந்த நேரத்தில் பல மருத்துவர்களே "பிரசவம் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமப்பது நியாயமில்லை.

அடுத்த முறை திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் துணிவு வந்திருக்காது. வைரஸால் வந்தது வைரஸோடு போய்விடுவது, திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இதே தோற்றத்தில், வைரஸ் எதுவும் இல்லாமல் தானாக வரும் ஒரு வகை உண்டு, அது அடுத்தடுத்த கர்ப்பத்திலும் வரக்கூடியது. ஆகவே ரிப்போர்ட் எழுதிய நோயியல் மருத்துவரிடம் "நஞ்சுக்கொடியில் கோவிட் வைரஸ் இருந்தது உறுதியா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் மருத்துவர் மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள், இப்போதும் பார்க்க முடியும்.

கேள்வி: என் மனைவிக்கு ஹெபடைடிஸ் பி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகாமல் இருக்கச் சிசேரியன் செய்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. இந்த வைரஸ் பெரும்பாலும் போவது பிரசவத்தின்போதுதான், நஞ்சுக்கொடி ஒன்பது மாதமும் நன்றாகவே காவல் காக்கிறது. சுகப்பிரசவமே ஆகட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் இரண்டு தொடையில் போட வேண்டும், இதை இப்போதே பிரசவம் பார்க்கும் இடத்தில் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிறந்தாலும் மருந்து கையில் இருக்க வேண்டும். மனைவியின் வைரஸ் அளவைப் பார்த்து, மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் 28-வது வார வாக்கில் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். பிறந்த நேரத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும், அதனால்தான் இந்த அவசரம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: வைரஸ் கடக்கும் என்கிறீர்கள், அப்போது தடுப்பூசியும் கடக்குமே? எந்த ஊசியும் போடாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

உயிருள்ள, வலு குறைத்த வைரஸ் இருக்கும் ஊசிகளை (ருபெல்லா, தட்டம்மை, சின்னம்மை) கர்ப்பத்தில் போடுவதில்லை, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறோம். அதுவும் முன்ஜாக்கிரதைதான். தெரியாமல் ருபெல்லா ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளைக் கண்காணித்ததில் பிறவி ருபெல்லா பாதிப்போடு ஒரு குழந்தையும் பிறக்கவில்லை, அந்தக் காரணத்துக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

ஃப்ளூ, கோவிட் ஊசிகள் வேறு, அவற்றில் பெருகக்கூடிய வைரஸ் இல்லை. கடந்து போவது நீங்கள் தயாரிக்கும் ஐஜிஜி எதிர்ப்பொருள். நஞ்சுக்கொடி அதைத் தெரிந்தே கைப்பிடித்து அழைத்துப் போகிறது, தையலில்லாத அந்தத் துணியில் ஐஜிஜி-க்கு மட்டும் தனி வாசல். நான்காம் மாதத்தில் மெதுவாகத் தொடங்கி, கடைசி வாரங்களில் வேகமெடுத்து, மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிட அதிகமாகக்கூட இருக்கும். குறைமாதக் குழந்தைகள் சீக்கிரம் நோயில் விழுவதற்கு இந்தக் கடைசி வாரப் பங்கு கிடைக்காததும் ஒரு காரணம். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது, அதுவரை அதனிடம் இருப்பது நீங்கள் கொடுத்தனுப்பியது மட்டும்தான்.

கேள்வி: ஏழாம் மாதம் ஃப்ளூ வந்தது. இப்போது சுகப்பிரசவம் ஆகிவிட்டது, குழந்தை 3 கிலோ, நன்றாக இருக்கிறாள். நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டார்கள், தப்பா?

தப்பில்லை. குழந்தை எடை குறைவாக, குறைமாதத்தில், அல்லது இறந்து பிறந்தால், தாய்க்குக் கடும் தொற்று இருந்திருந்தால் அனுப்ப வேண்டும், நீங்களே கேட்டும் அனுப்ப வைக்கலாம். 3 கிலோ எடையோடு வந்து நிற்கிறாளே, அதைவிடத் தெளிவான நஞ்சுக்கொடி ரிப்போர்ட் எந்த லேபும் தராது.

கேள்வி: ஜிகா பரவும் நாட்டில் இருந்து கணவர் போன வாரம் திரும்பியிருக்கிறார். காய்ச்சல் எதுவும் இல்லை. குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

மூன்று மாதம் பொறுங்கள். கொசுக்கடியால் மட்டுமல்ல, விந்து வழியாகவும் ஜிகா பரவும், அறிகுறியே இல்லாதவரிடம் இருந்தும் பரவும். அதுவரை ஆணுறை. போய் வந்தது நீங்கள் மட்டும் என்றால் இரண்டு மாதம் போதும்.